ஒளியும் ஓர் உயிரும்

ஒளி இருளை நீக்கும் என்பதை நாம் அறிவோம். அவ்வொளியே ஓர் உயிரின் உருவை அமைக்கவும் சிதைக்கவும் வல்லது என இன்றைய அறிவியல் காட்டுகிறது.

பழ ஈயின் கரு முட்டைக்குள் வளருங்கால், அதன் இரு முனைகளில் 'எர்க்' என்னும் புரதத்தின் வழியே ஒரு செய்தி எழுகிறது. அச்செய்தி இல்லையேல் தலையும் வாலும் சரிவர அமையா, கரு மடியும். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஓட்ஸ் பயிரின் ஒளியுணர் புரதப் பகுதி ஒன்றைப் பயன்படுத்தி, நீல ஒளி பட்டவுடன் அச்செய்தி எழுமாறு செய்தனர். கருவுற்ற 1 முதல் 4 மணி நேரத்திற்குள் அது தகாத இடத்தில் எழுந்தால் உடலமைப்பு சிதைவதை 2017-இல் வெளியிட்டனர். இயற்கைச் செய்தியை இழந்த கருக்களின் முனைகளில் 90 நிமிடம் ஒளி பாய்ச்சியதும், மடிய வேண்டியவை புழுவாகி, ஈயாகி, இனமும் பெருக்கின. இது 2020-இல் வெளிவந்தது. இச்செய்திவழி பிறழ்வதாலேயே மனிதரிடத்தும் புற்றுநோய்கள் பல தோன்றுகின்றன. ஆதலின் இவ்வறிவு வீணன்று.

எனினும் இஃது அறமாகுமா?

அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் ஈக்கு இடமில்லை. ஜைன அறமோ அதனை நாலறிவுயிராக எண்ணுகிறது. ஆய்வும் ஒரு தொழிலே. எனவே இது உத்தியோக இம்சை எனச் சிலர் கூறலாம். தொழிலினூடே தவிர்க்க இயலாது நேர்வது வேறு. சிதைவதைக் காண்பதற்கென்றே சிதைப்பது வேறு. பின்னது சங்கல்ப இம்சையே. 'கருவைக் காத்தனரே' எனின், அக்கருவிற்கு உரிய செய்தியை முதலில் பறித்தவரும் மனிதரே அன்றோ?

ஆனால் ஆய்வாளரைப் பழித்துவிட்டு நாம் ஒதுங்கிவிடவும் இயலாது. நம் இல்லத்துக் குழந்தை நோயுற்றால் மருந்தை நாடுகிறோம். அம்மருந்தின் பின்னே மடிந்த உயிர்களை எண்ணிப் பார்க்கிறோமா? பயனை ஏற்கும் கை, பழியிலும் பங்கு கொள்கிறது.

ஆதலின் நாம் வேண்டுவது இதுவே. உயிரின்றி அறியக்கூடியதை உயிரின்றியே அறிக. இயலாதவிடத்து எண்ணிக்கையைக் குறைக்க. வெறும் வியப்பிற்காகவும் புகழுக்காகவும் ஓருயிரையும் தொடாதிருக்க. மடிந்தவற்றை இழப்பென்றே கணக்கில் எழுதுக.

இடமும் காலமும் சிறிது தவறினாலும் சிதையும் அத்துணை நுண்ணிய ஒழுங்கு ஓர் ஈயின் கருவினுள் உள்ளது. இதனை அறிந்த பின்னும் 'வெறும் ஈதானே' என நாம் கூறலாகுமா? சிந்திப்போமாக.