தடை நீக்கம் கொடையா, கடனா?

குளம் தோண்டுதலும் ஏரி அமைத்தலும் ஆற்றுக்கு அணை கட்டுதலும் அறங்கள் எனப் போற்றி வந்தது தமிழர் மரபு. காவிரியின் குறுக்கே கல்லணை எழுப்பியவன் எனக் கரிகாலன் பெயரைப் பள்ளி மாணவரும் அறிவர். அத்தகைய மரபில் வளர்ந்தவர்க்கு, கட்டிய அணையை உடைத்தெறிவதும் ஓர் அறச்செயலாகலாம் என்னும் கருத்து வியப்பையே அளிக்கும். ஆயினும், அமெரிக்க நாட்டில் கடந்த சில பத்தாண்டுகளாக அணைகள் பல அகற்றப்பட்டு வருகின்றன. அவற்றுள் பழுதுற்றவை உண்டு. பயன் குன்றியவை உண்டு. கடலிலிருந்து ஏறிவரும் மீன்களுக்கு வழிவிடுவதற்காக அகற்றப்பட்டவையும் உண்டு.

மீனுக்காக அணையை உடைப்பதா என நகைப்பார் ஒரு சாரார். வாயில்லா உயிர்கள்பால் காட்டிய பெருங்கருணை எனப் புகழ்வார் மற்றொரு சாரார். இரு சாராரும் ஒன்றை எண்ணிப் பார்த்தாரல்லர். ஒருவர் செல்லும் வழியை மறித்தவரே பின்னாளில் அத்தடையை நீக்கினால், அதனைக் கொடை என்பதா, கடன் தீர்த்தல் என்பதா? இவ்வினாவிற்கு விடை காண எல்வா என்னும் ஆற்றின் வரலாறு பெரிதும் துணைபுரியும்.

மறிக்கப்பட்ட ஆறு

வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் மலைத்தொடரில் தோன்றி, வடக்கு நோக்கிப் பாய்ந்து கடலில் கலப்பது எல்வா. ஏறத்தாழ 72 கிலோமீட்டர் நீளமே உடைய சிற்றாறாயினும், பசிபிக் சால்மன் மீன்களின் ஐந்து இனங்களுக்கும் அது தாய்வீடாக விளங்கிற்று. சால்மன் மீன் ஆற்றின் கூழாங்கற்களிடையே பிறக்கிறது. இளமையில் கடலுக்குச் செல்கிறது. அங்கு வளர்ந்து முதிர்ந்தபின், பிறந்த ஆற்றின் மணத்தை உணர்ந்து அதே ஆற்றுக்கு மீள்கிறது. முட்டையிட்டபின் உயிர் துறக்கிறது. அதன் உடல் கரடிக்கும் பறவைக்கும் உணவாகி, ஆற்றங்கரை மரங்களுக்கு உரமும் ஆகிறது. கடலின் வளத்தை மலைக்குச் சுமந்து செல்லும் தூதன் அம்மீன் எனின் மிகையாகாது.

இவ்வாற்றில் 1913ஆம் ஆண்டில் ஓர் அணை எழுந்தது. 1927ஆம் ஆண்டில், அதற்கு மேலே, ஏறத்தாழ 64 மீட்டர் உயரத்தில் மற்றோர் அணை எழுந்தது. மின்னாற்றல் பெருகிற்று, காகித ஆலை இயங்கிற்று, நகரம் வளர்ந்தது. இந்நன்மைகளை மறுப்பது நேர்மையாகாது. ஆனால், இரண்டனுள் எதனிலும் மீன் ஏறிச் செல்ல வழி அமைக்கப்படவில்லை. உணவு மீன்கள் ஏறும் ஆறுகளில் அணை கட்டுவோர் அவற்றுக்கு வழிவிட வேண்டும் என்னும் சட்டம் அம்மாநிலத்தில் முன்னரே இருந்தது. அதற்கு ஈடாக மீன்குஞ்சு பொரிப்பகம் ஒன்று அமைக்கப்பட்டது. அதுவும் 1922ஆம் ஆண்டிற்குள் கைவிடப்பட்டது. மலைவரை சென்ற மீன்களுக்கு எஞ்சியது கடலை ஒட்டிய எட்டுக் கிலோமீட்டர் ஆறு மட்டுமே.

இழப்பு மீனோடு நிற்கவில்லை. ஆற்றின் கீழ்ப்பகுதியில் தொன்றுதொட்டு வாழும் கிளாலம் பழங்குடியினர்க்கு உணவும் வழிபாடும் மீனைச் சார்ந்தே அமைந்தன. வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமை 1855ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்களுக்கு உறுதி செய்யப்பட்டிருந்தது. அவர்தம் முன்னோர் தோன்றியதாக நம்பும் புனித இடமும் அணைநீரில் மூழ்கிற்று. உரிமை ஏட்டில் இருந்தது; மீன் ஆற்றில் இல்லை. கையில் சாவியைக் கொடுத்துக் களஞ்சியத்தை ஒழித்த கதை இது.

திறக்கப்பட்ட வழி

ஆற்றை மீட்பதற்கான சட்டம் 1992ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் அணைகளை அகற்றும் பணி தொடங்கி, 2014ஆம் ஆண்டு ஆகஸ்டில் முடிவுற்றது. மீட்புப் பணி முழுமைக்கும் ஆன செலவு ஏறத்தாழ 32 கோடியே 50 லட்சம் டாலர். இரு நீர்த்தேக்கங்களிலும் ஏறத்தாழ 2 கோடி கனமீட்டர் வண்டல் படிந்திருந்தது. அதன் பெரும்பகுதி கீழ்நோக்கி வந்தது. ஆறு கலங்கிச் சேறாயிற்று. கலங்கிய நீரில் மீன்கள் மாண்டுவிடா வண்ணம் பொரிப்பகங்களில் குஞ்சுகளை வளர்த்துக் காக்க வேண்டியதாயிற்று. அதே வண்டல் கடலோரம் சென்று படிந்து, மணலின்றித் தேய்ந்து போன கழிமுகத்திற்குப் புதிய நிலமும் தந்தது.

கீழணை நீங்கிய 2012ஆம் ஆண்டிலேயே சினூக் சால்மன்கள் அவ்விடத்தைக் கடந்து மேலேறின. அவை அணைக்கு மேல் பிறந்தவை அல்ல. பிறந்த இடத்திற்கே மீளும் இயல்புடைய மீன், தான் பிறவாத இடத்திற்கு ஏறியது எவ்வாறு? எல்லா மீன்களும் பிறந்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை. சில அதனைக் கடந்து செல்கின்றன. சில வேற்றாறுகளிலும் புகுகின்றன. வழி தவறியவை எனக் கருதப்படும் அச்சிலவே புதிய இடத்தில் குடியேறும் முன்னோடிகள் ஆகின்றன.

இதனினும் வியப்புக்குரியது வானவில் டிரவுட் மீனின் செய்தி. இவ்வினத்துள் ஒரு பகுதி வாழ்நாள் முழுதும் ஆற்றிலேயே தங்கும். மற்றொரு பகுதி கடலுக்குச் சென்று மீளும். கடல் சென்று மீள்வதனை ஸ்டீல்ஹெட் என்பர். அணை எழுந்தபோது மேலே அகப்பட்ட மீன்கள் நூறாண்டுக் காலம் அங்கேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தன. அவற்றைக் கண்ட ஒருவர், “இவை ஆற்று மீன்கள், கடல் இவற்றுக்கு வேண்டுவதில்லை” என்றே கூறியிருப்பார். அணைகள் நீங்கியபின், கோடைப் பருவத்தில் ஏறிவரும் ஸ்டீல்ஹெட் மீன்கள் எல்வாவில் மீண்டும் காணப்பட்டன. மேலே அடைபட்டிருந்த மீன்களின் வழித்தோன்றல்களும் அவற்றுள் உள்ளன என மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. கடலைக் காணாத தலைமுறைகள் கடலுக்குச் செல்லும் இயல்பை அழியாது காத்து வந்தன!

இன்றும் அம்மீன்கள் அனைத்தும் கடலுக்குச் செல்வதில்லை. ஆற்றிலேயே தங்குவனவும் உள. ஆனால், வழி திறந்திருக்கத் தங்குவது வேறு. வழி அடைபட்டிருக்கத் தங்குவது வேறு. முன்னது அவ்வுயிரின் இயல்பு. பின்னது அதன்மேல் சுமத்தப்பட்ட விதி. அடைபட்ட உயிரின் அமைதியைக் கண்டு அதன் இயல்பை அளப்பது பெரும்பிழை என்பதனை இச்சிறு மீன் உணர்த்துகிறது.

தீராத கணக்கு

இனி, எதிர்வாதம் ஒன்றனையும் எண்ண வேண்டும். அணையைக் கட்டியவர்கள் மறைந்துவிட்டனர். இன்றுள்ளோர் எத்தவறும் செய்திலர். அவர்தம் வரிப்பணத்தால் பழைய பிழையைத் திருத்துவது முறையா? தந்தை விட்டுச் சென்ற வீட்டையும் நிலத்தையும் ஏற்றுக்கொள்ளும் மகன், தந்தை பட்ட கடனை மட்டும் தனதன்று எனத் தள்ளுவானாயின், உலகம் அவனை நேர்மையாளன் என்னாது. அணை தந்த மின்னாற்றலால் வளர்ந்த நகரமும் நாடும் அணை விளைத்த இழப்பையும் ஏற்றல் வேண்டும். நன்மை வழிவழியாக வருமாயின், கடனும் வழிவழியாக வருதலே முறை.

எல்லா அணைகளையும் உடைக்க வேண்டும் என்பது இதன் பொருளன்று. குடிநீரும் வேளாண்மையும் வெள்ளக் காப்பும் அணைகளால் அமைந்த நாடுகள் பல. ஓர் அணை தரும் பயன் எத்துணை, அதற்காகப் பிறர் இழப்பது எத்துணை, மாற்று வழி உண்டா என ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆய்தல் வேண்டும். அவ்வாய்வில், பேச இயலாதவற்றின் இழப்பையும் கணக்கில் எழுதுவதே நடுவுநிலைமை.

கடன் என உணர்ந்தவர் அதனை முழுமையாகத் தீர்க்க முனைவர். எல்வாவில் மேலணையை அகற்றிய பின்னும், பாறைகள் சரிந்து மீன்களின் வழியை மறித்தன. அணை போயிற்று, இனி மீன்பாடு என விட்டுவிடவில்லை. 2015, 2016ஆம் ஆண்டுகளில் அப்பாறைகளும் தகர்க்கப்பட்டன. 2011ஆம் ஆண்டு முதல் ஆற்றில் மீன்பிடித்தலும் நிறுத்தி வைக்கப்பட்டது. பெரிதும் இழந்த கிளாலம் மக்களே பொறுமை காத்தனர். 2023ஆம் ஆண்டு அக்டோபரில்தான் தம் உணவுக்கும் சடங்குக்குமாகச் சிறிதளவு கோஹோ சால்மன் பிடித்தனர். எனினும், மீட்பு முழுமையுற்றது எனக் கூறுவதற்கில்லை. எல்வாவுக்குத் திரும்பும் சினூக் மீன்களில் பெரும்பகுதி பொரிப்பகத்தில் பிறந்தவையே. இளஞ்சிவப்புச் சால்மன் முதலிய சில இனங்கள் இன்னும் பெருகவில்லை. நூறாண்டு இழந்ததனைப் பத்தாண்டில் எதிர்பார்ப்பது தகாது.

விரைந்து மீண்ட ஆறும் உண்டு. கலிபோர்னியா, ஒரிகன் மாநிலங்களின் ஊடே பாயும் கிளாமத் ஆற்றில் 2002ஆம் ஆண்டில் 34,000க்கும் மேற்பட்ட மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றங்கரை வாழ் யூரோக், காருக் முதலிய பழங்குடியினர் இருபதாண்டுகளுக்கு மேல் இடையறாது வாதாடினர். அதன் பயனாக, 2023, 2024ஆம் ஆண்டுகளில் நான்கு அணைகள் அகற்றப்பட்டன. 2024ஆம் ஆண்டு அக்டோபர் திங்களிலேயே, கடலிலிருந்து ஏறத்தாழ 370 கிலோமீட்டர் தொலைவில், ஒரிகன் மாநிலத்துச் சிற்றோடை ஒன்றில் சினூக் சால்மன் காணப்பட்டது. ஆற்றின் அப்பகுதி 1912ஆம் ஆண்டிற்குப் பின் கடலேறி வந்த மீனைக் கண்டதில்லை. அங்கே ஏறுமாறு எவரும் அதற்குக் கற்பிக்கவில்லை. வழி இருந்தது, ஏறிற்று.

இங்கேதான் முதல் வினாவிற்கு விடை கிடைக்கிறது. கொடை என்பது கொடுப்பவனிடம் உள்ளதைப் பிறர்க்கு ஈதல். அணையை அகற்றியவர்கள் மீனுக்கு எதனை ஈந்தனர்? நீந்தும் ஆற்றலையா? மணமறியும் புலனையா? கடலை நாடும் வேட்கையையா? அவை யாவும் மீனிடமே இருந்தன. ஆறும் அதற்குரியதாகவே இருந்தது. இடையில் வைத்ததனை எடுத்தனர், அவ்வளவே. ஆதலின், தடை நீக்கம் கடன் தீர்த்தலேயன்றிக் கொடையாகாது. கடனைத் தீர்த்தவன் நன்றியை எதிர்நோக்கலாகாது. தீர்த்த மறுநாளே பயன் எங்கே எனக் கேட்கவும் கூடாது.

வகுப்பறையிலும் இவ்வறம் பொருந்தும். ஏழ்மையாலோ, இகழ்ச்சியாலோ, “இவனுக்குப் படிப்பு வாராது” என்னும் ஒரு சொல்லாலோ வழி அடைபட்டு, பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் மாணவன் பல பள்ளிகளில் உண்டு. அவனது அமைதியே அவனது அளவு என ஆசிரியர் முடிவு கட்டலாகாது. தடை எதுவெனக் கண்டு நீக்குவது அவர் கடன். அவன் எத்துணைத் தொலைவு ஏறுவான், எப்போது ஏறுவான் என்பது அவனிடம் உள்ளது.