உடுப்பவனும் நெய்பவனும்

பண்டைக் கிரேக்க இல்லங்களில் சுவரோடு சாய்த்து நிறுத்தப்பெற்ற தறியில், மேல்மரத்திலிருந்து தொங்கும் பாவு நூல்களைக் கொத்துக் கொத்தாகப் பிரித்து, ஒவ்வொரு கொத்தின் அடியிலும் சுட்ட களிமண் குண்டைக் கட்டிவிடுவார்கள். அந்தப் பாரத்தினால் நூல் விறைத்து நிற்க, வஸ்திரம் உச்சியிலே தோன்றிக் கீழ்நோக்கி வளரும். இத்தறியில் பயிலப் புகுந்தவருக்கு அமர்ந்து நெய்யும் சௌகரியம் இல்லை. நின்றபடியே விழுதுக்கோலை முன்னே இழுத்து, நூல்களின் நடுவே வழி திறந்து, ஊடையைச் செலுத்தி, அதை மேல்நோக்கி அடித்து இறுக்கவேண்டும். பாரம் கட்டாத நூல் சிக்கிக்கொள்ளும் என்பதும், பாரம் மிகுந்தால் அறுந்துபோகும் என்பதும் கைக்குத்தான் முதலில் விளங்குகின்றன. நார்வேயில் இவ்வித்தை இருபதாம் நூற்றாண்டிலும் உயிரோடிருந்ததை மார்த்தா ஹாஃப்மன் தமது 1964-ஆம் ஆண்டு நூலில் விரித்துரைத்திருக்கிறார்.

இத்தறியை நினைக்கும்போதெல்லாம் என் உள்ளம், சாக்ரடீஸின் இறுதி நாளைச் சொல்லும் பிளேட்டோவின் ‘பீடோ’ என்னும் உரையாடலுக்கே செல்கிறது. நைந்த ஆடையைக் களைந்து புத்தாடை புனைவதுபோல ஆன்மா சரீரங்களை மாற்றுகிறது என்னும் கீதையின் உபமானம் நமக்குப் பழகியது. அங்கே ஆன்மா உடுப்பவன் மட்டுமே. ஆனால் சாக்ரடீஸின் சிறைச்சாலையில், தீப்ஸ் நகரத்துக் கெபேஸ் என்னும் இளைஞர், ஆன்மாவை நெய்பவனாகவே கண்டார். தேயும் உடலை ஆன்மா ஓயாமல் மீண்டும் மீண்டும் நெய்துகொண்டிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பல ஆடைகளை நெய்து உடுத்துக் கிழித்த கிழ நெசவாளி, கடைசி ஆடை கிழியுமுன்னரே மாண்டுபோவதில்லையா? அதுபோலப் பல உடல்களைக் கடந்த ஆன்மாவும் என்றேனும் ஒரு நாள் களைத்து அழியாது என்பதற்கு என்ன பிரமாணம்?

உடுப்பவனை விட நெய்பவனே நம் வாழ்வுக்கு நெருங்கிய உவமை என்று நான் கருதுகிறேன். அணிபவனுக்கு ஆடை அந்நியம். நெய்பவனுக்கோ அவன் உழைப்பே ஆடை, அவன் கையைப் பழக்கியதும் அந்த ஆடையே. ஆயினும் நெய்பவனுக்குக் களைப்பு உண்டு, உடுப்பவனுக்கு அது இல்லை. ஆகவே உவமையின் நெருக்கத்தை ஏற்றவர் அதன் பயத்தையும் உடன் ஏற்றே தீரவேண்டும். அகழ்வாராய்ச்சியாளர் தோண்டும் பழைய வீடுகளில் மரமும் நூலும் மட்கி, நெய்தவளும் மறைந்து, தறி நின்ற இடத்தில் களிமண் குண்டுகள் மட்டும் வரிசையாகக் கிடப்பதைக் காணும்போது, எஞ்சியிருப்பதே மேலானது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். உவமை வினாவைக் கூர்மையாக்கும், விடையாகிவிடாது.

கெபேஸின் ஐயத்தைக் கேட்டு உடனிருந்தோர் கலங்கினர். மரணத்துக்குச் சில நாழிகைகளே எஞ்சியிருந்த சாக்ரடீஸோ, சினமின்றி, வாதத்தின்மீது வெறுப்புக் கொள்ளலாகாது என்று அவர்களைத் தேற்றிவிட்டு, அந்த இளைஞருக்கு விடை சொல்லுமுன் நெடுநேரம் மௌனமாகச் சிந்தித்திருந்தார். அன்று கதிரவன் மறையும் வேளையில் அவர் நஞ்சருந்தினார், அது கி.மு. 399.