பிள்ளையின் காசு

பதின்மூன்று வயதுப் பையன் டீக்கடையில் கிளாஸ் கழுவினால் நமக்கு வயிறு எரிகிறது. அதே வயதுப் பையன் அடுக்குமாடிக் குடியிருப்பு வாசலில் மேஜை போட்டு எலுமிச்சை ஜூஸ் விற்றால் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போடுகிறோம். "இப்பவே என்ன பிசினஸ் மூளை!" என்று மாமாக்கள் மெச்சுகிறார்கள். இரண்டு பேரும் காசுக்குத்தான் உழைக்கிறார்கள். அப்பாவின் வருமானம்தான் வித்தியாசம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஜூஸ் விற்கிறவன் 'போரடிக்குது' என்று நாளைக்கே மேஜையை மடக்கிவிடலாம். கிளாஸ் கழுவுகிறவனுக்கு அது முடியாது. கூலியும் அவன் கைக்கு வராது, வீட்டுக் கடனுக்குப் போய்விடும்.

சட்டம் வயதைப் பார்க்கிறது. 1986-ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-இல் திருத்திய பிறகு, 14 வயது நிறையாத பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 18 வரை சுரங்கம், வெடிபொருள் போன்ற அபாயமான வேலைகள் கூடாது. பள்ளி நேரம் போகவோ லீவு நாளிலோ குடும்பத் தொழிலுக்கு ஒத்தாசை செய்யலாம் என்று ஒரு விலக்கும் உண்டு. அந்த விலக்கின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. வீட்டுத் தறிக்கு நூல் சுற்றும் பிள்ளை எத்தனை மணிக்கு எழுந்தது என்று யார் போய்ப் பார்ப்பது?

அதற்காகப் பிள்ளைகள் காசையே தொடக் கூடாது என்பதும் சரியில்லை. 1939-இல் போர் தொடங்கியபோது புளியங்கொட்டைக்குத் திடீர்க் கிராக்கி வந்ததாம். எட்டு வயது அப்துல் கலாம் அதைப் பொறுக்கி மளிகைக் கடையில் விற்று, நாளுக்கு ஓரணா பார்த்ததைச் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். எங்கள் பக்கம் வேப்பமுத்து. ஆனி, ஆடியில் பழம் கொட்டும். ஆடு மாடு மிதிப்பதற்குள் விடியலிலேயே மரத்தடியில் இருக்க வேண்டும். சதை விரலெல்லாம் பிசுபிசுக்கும். தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பூஞ்சை பிடித்துவிடும். சரியாகக் காய்ந்திருந்தாலும் வியாபாரி ஒரு கை அள்ளி உருட்டிப் பார்த்து, "ஈரமா இருக்கேப்பா" என்று எடையில் கழிப்பார். அங்கே நின்று "இல்லண்ணே, நல்லாப் பாருங்க" என்று சொல்லப் பழகியதை எந்தக் கணக்கு வாத்தியாரும் எங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

இப்போது அக்கா மகள் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறாள். ஒன்பதாவது படிக்கிறாள், மருதாணி கோன் போடுவதில் கெட்டிக்காரி. ஒரு கைக்கு நூறு ரூபாய். கை வேலை அவளுக்குக் கஷ்டமே இல்லை, காசு கேட்பதுதான் கஷ்டம். "நம்ம வீட்டுப் பொண்ணு, என்கிட்டயே காசு கேக்குறியா?" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிற அத்தைகள், அழகு நிலையத்தில் இதைவிட அதிகமாகக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுப்பவர்கள். பிள்ளைகள் சம்பாதிக்க என்ன வழி என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டியூஷன், கோலம், பூ கட்டுவது, கோழி வளர்ப்பது என்று வழிக்கா பஞ்சம்? வேலை வாங்கிக்கொண்ட பெரியவர்கள் காசை எண்ணிக் கொடுத்தாலே போதும்.

வந்த காசுக்கு அடுத்த கண்டம் அம்மா. "என்கிட்ட கொடு, பத்திரமா வச்சிருக்கேன்." தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பெரியவர்கள் தந்தது அந்தப் பத்திரத்துக்குள் போய்த் திரும்பி வந்ததாக எந்த வீட்டிலும் வரலாறு இல்லை. 10 வயது நிறைந்த பிள்ளை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கைத் தானே கையாளலாம். வருமான வரிச் சட்டம்கூட, மைனர் பிள்ளையின் வருமானத்தைப் பெற்றவர் கணக்கில் சேர்த்தாலும், பிள்ளை தன் உழைப்பாலோ திறமையாலோ ஈட்டியதை மட்டும் சேர்ப்பதில்லை. வரி வாங்குகிறவர்களுக்குத் தெரிகிறது, அம்மாக்களுக்குத் தெரிய மாட்டேன் என்கிறது!

முதல் காசில் அக்கா மகள் நெயில் பாலிஷ் வாங்கினாள். "தண்டச் செலவு" என்றாள் அக்கா. இருக்கட்டுமே, அவள் தண்டம்தானே.

இப்போது வேறு சண்டை. ஒரு வளைகாப்புக்கு ஐந்து பேருக்குப் போட ஒப்புக்கொண்டிருக்கிறாள், காலாண்டுத் தேர்வும் அதே வாரம். அக்கா அந்த வீட்டுக்குப் போன் போட்டு மறுக்கப் போனாள், நான் தடுத்தேன். வருவதும் வராததும் அவளே சொல்ல வேண்டியது. இரண்டு நாளாக நம்பரை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.