உண்ட வீடு

பூச்சி சாஸ்திரத்தையும் தாவர சாஸ்திரத்தையும் தமிழில் எழுதப் புகுந்தவர்கள் சில நல்ல சொற்களை நமக்குத் தந்திருக்கிறார்கள். அவற்றில் ஒன்று ‘ஓம்புயிர்’. ஒரு புழுவோ கிருமியோ எந்தச் செடியை, எந்தப் பிராணியை அண்டிப் பிழைக்கிறதோ, அதற்கு இந்தப் பெயர். ஓம்புதல் என்றால் பேணுதல். விருந்தோம்பலில் வருகிற அதே ஓம்பல்தான். திருவள்ளுவர் இல்லறவியலில் அதற்கென்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆகவே புழு அரிக்கும் செடியை நாம் ‘ஓம்புயிர்’ என்று அழைக்கும்போது, அந்தச் செடி வாசலில் வந்து நின்றுகொண்டு, “வாருங்கள், இலை போட்டாயிற்று” என்று புழுவை உபசரித்ததாக ஆகிறது.

செடி யாரையும் கூப்பிடவில்லை. சொல் அழகாக இருக்கிறது; ஆனால் அந்த அழகுக்குள் ஒரு நியாயப் பிரச்னை ஒளிந்துகொண்டிருக்கிறது. சில நாட்களாக அது என்னை விடுவதாக இல்லை.

எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி இவற்றில் ஏதாவது ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். தளிர் இலையின் மேல் வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு வளைந்து வளைந்து போகும். கோலம் போடப் பழகாத குழந்தை மாவை இழுத்து விட்டதைப் போல, அதற்கு ஆரம்பமும் முடிவும் புரியாது. கோட்டின் நடுவே கறுப்பு நூலாக ஒன்று ஓடும். அது புழுவின் எச்சம். இலை கொஞ்ச நாளில் சுருண்டுகொள்ளும். விவசாயத் துறையினர் இதை இலைத் துளைப்பான் என்கிறார்கள். 1856-ஆம் ஆண்டில் ஸ்டெய்ன்டன் என்ற ஆங்கிலேயர் இதன் அந்துப் பூச்சிக்கு ‘ஃபில்லோக்னிஸ்டிஸ் சிட்ரெல்லா’ என்று நாமகரணம் செய்தார். அவருக்குக் கிடைத்த மாதிரிகள் கல்கத்தாவிலிருந்து போனவை. ஆக, நம் நாட்டுச் சரக்குதான்.

அந்துப் பூச்சி சிறகை விரித்தால் நாலு மில்லிமீட்டர். இருட்டுகிற நேரத்தில் வந்து, தளிராகப் பார்த்து, ஒவ்வொரு முட்டையாக வைத்துவிட்டுப் போய்விடும். முட்டையிலிருந்து வருகிற புழு வெளிக்காற்றைக் காண்பதே இல்லை. முட்டையின் அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு நேரே இலைக்குள் இறங்கிவிடுகிறது. இலையின் மெல்லிய தோல் அதற்குக் கூரை. சுவர் முழுதும் சாப்பாடு. கால் கிடையாது, தட்டையான உடம்பு. முன்னால் இருக்கிற சுவரைக் கீறிச் சாற்றைக் குடிப்பது, காலியான இடத்தில் ஊர்வது, இதுதான் அதன் ஜீவியம். மூன்று பருவம் இப்படிச் சாப்பிட்ட பிறகு, நாலாவது பருவத்தில் ஆகாரத்தை அடியோடு நிறுத்திவிடுகிறது. இலையின் ஓரத்துக்குப் போய் நூல் நூற்று, அந்த ஓரத்தையே தன்மேல் மடித்துப் போர்த்திக்கொண்டு கூட்டுப்புழுவாகிறது. ஓர் இலையில் இறங்கின புழு இன்னோர் இலைக்குப் போக முடியாது. அந்த இலை போதவில்லை என்றால் அதோடு சரி.

‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்று நம்மில் ஒரு வசவு உண்டு. இங்கே வீட்டில் உண்பது போய், வீட்டையே உண்கிற கதையாக இருக்கிறது. இது குற்றமா?

குற்றம் இல்லை என்று உடனே பதில் சொல்லிவிடலாம். வேறு வழி உள்ளவன் செய்வதுதான் பாவம். புழுவுக்கு வேறு வழி ஏது? வாஸ்தவம். ஆனால் இந்தப் பதில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்பதுதான் என் குறை. ஏனென்றால் நாம் அதோடு நிற்பதில்லை. புழு பூச்சிகளிடமிருந்து இரண்டு காரியங்களுக்குக் கடன் வாங்குகிறோம். நமக்குப் பிடிக்காத மனிதர்களை ஏச வேண்டுமென்றால் ‘புல்லுருவி’, ‘ஒட்டுண்ணி’, ‘அட்டை’ என்கிறோம். நாம் செய்வதற்குச் சமாதானம் வேண்டுமென்றாலும் அங்கேதான் போகிறோம். வட்டிக்குக் கொடுக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் அடிக்கடி, “மீனை மீன் தின்கிறது சார், இது சிருஷ்டி தர்மம்” என்பார். மீன் நூற்றுக்கு மூன்று என்று பத்திரம் எழுதி வாங்குவதில்லை என்று நான் சொன்னால் சிரித்துக்கொள்வார். வசவும் சமாதானமும் ஒரே சோம்பேறித்தனத்தின் இரண்டு பக்கங்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. புழுவைச் சரியாகப் பார்க்கும் சிரமத்தை இரண்டு பேருமே எடுத்துக்கொள்வதில்லை.

சரியாகப் பார்த்தால் என்ன தெரிகிறது? முதலில் இது புது உறவு அல்ல. அமெரிக்காவில் கான்ஸாஸ், நெப்ராஸ்கா பகுதிகளில் கல்லாகிப்போன இலைகளில் இதே மாதிரி சுரங்கக் கோடுகள் இருப்பதாக 1994-இல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. அந்த இலைகளின் வயது 9 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். அத்தனை காலம் தின்றும் வீடு இடிந்துவிடவில்லை. எலுமிச்சையிலும் அப்படித்தான். நாலைந்து வயதான மரத்துக்கு இந்தப் புழுவால் சொல்லும்படியான நஷ்டம் கிடையாது. இலை கோணலாகும், காய்ப்பு குறையாது. ஆகவே விருந்தாளி அளவு தெரிந்தவர் என்று சர்டிபிகேட் கொடுத்துவிடலாமா? நாலு மில்லிமீட்டர் பூச்சியின் பிள்ளை எவ்வளவுதான் சாப்பிட முடியும்? சின்ன வயிற்றை நல்ல குணம் என்று எண்ணிவிடக் கூடாது.

இதைவிடச் சிக்கலான சங்கதி ஒன்று ஐரோப்பாவின் ஆப்பிள் மரங்களில் நடக்கிறது. அங்கே இலையுதிர் காலத்தில் மரம், இலையிலுள்ள சத்தையெல்லாம் தண்டுக்கு இழுத்துக்கொண்டு, வெறும் சக்கையாக இலையை உதிர்க்கிறது. இலை மஞ்சளாகிறது. ஆனால் அதற்குள் ஒரு வகைச் சுரங்கப் புழு இருந்தால், அது இருக்கும் இடம் மட்டும் பச்சையாகவே நிற்கிறது. மஞ்சள் கடலில் பச்சைத் தீவு. புழுவின் உடம்பில் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவுக்கு இதில் பங்கு இருப்பதாக 2010-இல் பிரெஞ்சு ஆராய்ச்சிக்காரர்கள் கண்டார்கள். பூச்சிகளுக்கு மருந்து கொடுத்து அந்த பாக்டீரியாவை ஒழித்துவிட்டால் அவற்றின் சந்ததிக்குப் பச்சைத் தீவு உண்டாவதில்லை. புழுக்களும் அதிகமாகச் செத்தன. முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கண்ணில் நீர் வராத குறைதான். சாகிற வீட்டைப் புழு அல்லவா ஓம்புகிறது! பிறகுதான் உறைத்தது. மரம் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டிய சத்தை எடுக்கவிடாமல் மறித்து வைத்துக்கொள்வதுதான் அந்தப் பச்சை. அறுப்பு முடிகிற வரைக்கும் பண்ணையாளுக்கு வயிறாரக் கூழ் ஊற்றிய மிராசுதார்கள் நம் பக்கத்திலும் இருந்தார்கள். அவர்களைத் தர்மப் பிரபு என்று சொன்னவர்களும் இருந்தார்கள்.

செடிகளும் சும்மா இருப்பதில்லை. நாம் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிறோமே கலேடியம், அந்த இனத்தில் ஒன்று தென் அமெரிக்காவில் ஈக்வடார் காடுகளில் இருக்கிறது. அதன் இலையிலுள்ள வெள்ளைத் திட்டுகள், புழு ஏற்கெனவே அரித்தது போலத் தோற்றம் தருகின்றன. இந்தத் திட்டு பூச்சியை ஏமாற்றுகிறதா என்று பார்க்க, பச்சை இலைகளின் மேல் டைப் அடிப்பவர்கள் பிழையை மறைக்கப் பூசும் வெள்ளையால் அதே மாதிரி வரைந்து விட்டார்கள். வரைந்த இலைகளில் புழு வெகுவாகக் குறைந்தது. 2009-இல் வெளியான விஷயம். “எங்கள் வீட்டிலேயே ஊரிலிருந்து ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள்” என்று முன்கூட்டியே கடிதம் போட்டுவிடும் குடும்பங்கள் நமக்குத் தெரியாதா என்ன?

ஆனால் எல்லாவற்றிலும் என்னை யோசிக்க வைத்தது ஜப்பானில் நடந்த ஆராய்ச்சி. எலுமிச்சைப் புழுவின் குடும்பத்திலேயே, பெரும்பாலும் இலைக்குள் வாழும் அந்தக் குடும்பத்திலேயே, எபிசெபலா என்று ஒரு கிளை உண்டு. அதன் பெண் பூச்சி, குளோகிடியான் என்ற மரத்தின் ஆண் பூவிலிருந்து தன் உறிஞ்சு குழலில் மகரந்தத்தை எடுத்து, பெண் பூவுக்குக் கொண்டுபோய் வேண்டுமென்றே தடவிவிட்டு, அங்கே முட்டையிடுகிறது. புழு சில விதைகளைத் தின்கிறது, மற்றவை முளைக்கின்றன. இதை 2003-இல் மகோத்தோ காத்தோவும் அவருடைய சகாக்களும் வெளியிட்டார்கள். மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காருகிற கௌரவமான விருந்தாளி! ஆனால் இந்தக் கௌரவம் எங்கிருந்து வந்தது? அளவுக்கு மேல் முட்டை ஏறிய பூக்களை மரம் உதிர்த்துவிடும் வழக்கம் உண்டு என்று 2010-இல் தெரியவந்தது. பூ விழுந்தால் அதிலுள்ள புழுவும் போயிற்று.

அதாவது, விருந்தாளி அளவோடு இருக்கிற வீடு எது என்று பார்த்தால், வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவள் இருக்கிற வீடு.

நம் மரபுக்கு இது கசப்பான செய்தி. இல்லை என்று சொல்லாத கையைத்தான் நாம் போற்றி வந்திருக்கிறோம். நானும் அப்படிப்பட்ட வீட்டில்தான் வளர்ந்தேன். தாத்தாவுக்கு ஒன்றுவிட்ட உறவில் ஒருவர், நிலத் தகராறு வழக்குக்காக வந்தவர், பதினோரு வருஷம் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். நாங்கள் அவரை ‘வழக்கு மாமா’ என்போம். வழக்கு தோற்றுப் போனது, நிலமும் போனது, அவர் போகவில்லை. சித்தப்பாமார்கள் அவர் முதுகுக்குப் பின்னால் ‘புல்லுருவி’ என்று சொல்லிச் சிரிப்பார்கள். தாத்தா காதில் விழுந்தால் கோபித்துக்கொள்வார். “வந்தவனுக்குச் சோறு போட்டுக் கெட்ட வீடு உண்டா?” என்று கேட்பார். ஊரில் தாத்தாவுக்கு அதனால் நல்ல பெயர்.

சோறு போட்டது பெரியம்மா. வழக்கு மாமாவுக்குப் புளி ஆகாது. தினமும் தனியாக மிளகு ரசம். ராத்திரி எத்தனை மணிக்கு வந்தாலும் வெந்நீர். பதினோரு வருஷம். அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. நான் வளர்ந்து பெரியவனான பிறகு ஒரு தடவை, “உங்களுக்குச் சலிப்பாக இல்லையா பெரியம்மா?” என்று கேட்டேன். சுண்டைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். “கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருக்கப் போறேன்? ஒருத்தரும் கேக்கலையேடா” என்றாள்.

வழக்கு மாமாமேல் எனக்குக் கோபம் கிடையாது. போவதற்கு அவருக்கு வேறு இலை இல்லை. அவரைப் புல்லுருவி என்ற சித்தப்பாமார்கள் அதே பந்தியில்தான் உட்கார்ந்தார்கள். அவர்களும் பெரியம்மாவைக் கேட்டுக்கொண்டு உட்காரவில்லை. ஓம்பியவர் என்ற பெயர் தாத்தாவுக்குப் போயிற்று. ஓம்புயிராக இருந்தது அடுப்படியில் ஒருத்தி. மனம் உவந்து கொடுப்பதும், மறுக்க வழியில்லாமல் கொடுப்பதும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ருசியான மிளகு ரசம். அவள் எதைக் கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியும்படி, ஒரு நாளாவது அவளிடம் யாராவது கேட்டிருக்கலாம்.

கூப்பிட்டவன் ஒருவன், சுமக்கிறவன் வேறொருவன் என்பது குடும்பத்தில் மட்டும் இல்லை. பால்கன் மலைகளில் இருந்த ஹார்ஸ் செஸ்ட்நட் மரத்தை 16-ஆம் நூற்றாண்டில் மனிதர்கள் மேற்கு ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். பின்னால் சாலை ஓரங்களிலும் பூங்காக்களிலும் வரிசையாக நட்டார்கள். அதன் இலைக்குள் வாழும் பூச்சி ஒன்று 1984-இல் மாஸிடோனியாவில் ஓரிட் ஏரிப் பக்கம் முதல்முதலாகக் கண்ணில் பட்டது. 1989-இல் ஆஸ்திரியா, 2002-இல் லண்டன். மோட்டார் வண்டிகளோடும் அது பிரயாணம் செய்தது. கோடை முடிவதற்குள் மரமெல்லாம் பழுத்துப் போயின. ‘எங்கிருந்து முளைத்தது இந்த அந்நியப் பூச்சி?’ என்று எல்லோரும் திகைத்தார்கள். பிறகு 2011-இல், கிரீஸில் 1879-இல் பறித்து அழுத்தி வைத்த இலைகளைப் புரட்டினால், அதே புழுக்கள் காகிதமாய்க் காய்ந்து உள்ளே கிடக்கின்றன. பூச்சி அந்த மரத்தின் சொந்த ஊர்க்காரன். வீட்டை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாம்தான். அதன் கூட்டுப்புழு உதிர்ந்த இலையில்தான் குளிர்காலத்தைக் கழிக்கிறது. ஆகவே அந்த நகரங்களில் இலையைக் கூட்டி அப்புறப்படுத்துகிறார்கள். அந்த மட்டில் நியாயம்தான்.

எலுமிச்சை விஷயத்துக்கு வருகிறேன். சிலர் இந்த வெள்ளிக் கோட்டைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். மருந்து, இலைக்குள் இருக்கிற புழுவைவிட அதைத் தேடி வருகிற குளவிகளைத்தான் முதலில் கொல்லும். வளர்ந்த மரமானால் சும்மா விடலாம், அது தாங்கும். போன மாதம் நட்ட கன்று என்றால் நான் அப்படிச் சொல்லமாட்டேன். அதற்கு இருப்பதே பத்துப் பன்னிரண்டு தளிர். அத்தனையும் சுருண்டால் அது எழுந்திருக்காது. கோட்டின் வழியே கிருமி புகுந்து சொறி நோயும் வரும். கோட்டின் நுனியில் மஞ்சளாக ஒரு சின்னப் புள்ளி தெரியும். அதுதான் புழு. இலையைக் கிள்ள வேண்டாம்; கட்டை விரலால் அந்த இடத்தை மட்டும் அழுத்தினால் போதும். நான் காலையில் காப்பிக்கு முன்னால் அதைச் செய்துவிடுகிறேன்.