குழந்தையின் கண்ணும் பிறர் வினையும்

வியாசர்பாடி இரவீசுவரர் கோயிலில் வியாசர் வழிபட்டார் என்பது ஊர் வழக்கு. ஊருக்குப் பெயர் வந்ததும் அதனால்தான் என்பார்கள். அந்த வியாசரின் பாரதத்தில் குருகுலத்தின் கேடு பார்வையற்ற ஒரு குழந்தையிடமிருந்து தொடங்குகிறது. முனிவரின் கோலத்தைக் கண்டு அஞ்சிய அம்பிகை கண்ணை மூடிக்கொண்டாள், அதனால் திருதராட்டிரன் கண்ணில்லாமல் பிறந்தான் என்பது கதை. வம்சம் விளங்க வேண்டும் என்று முடிவு செய்தவள் மாமியார் சத்தியவதி. வந்தவர் வியாசர். அம்பிகையின் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. அச்சம் ஒன்றுதான் அவளுடையது, பழி முழுவதும் அவள் பேரில் ஏறியது. பிள்ளைக்குப் பார்வை போனால் ஒன்று பிள்ளையின் முன்வினை, இல்லாவிட்டால் தாயின் குற்றம்: இந்த இரண்டு விடைகளைத் தாண்டி நம் பேச்சு இன்றும் அதிக தூரம் போவதில்லை. வைட்டமின் ஏ குறைவால் வரும் பார்வைக் கேட்டை முன்வைத்து இந்த இரண்டு விடைகளையும் சோதிக்கலாம் என்று நினைக்கிறேன். வினை என்பது ஒருவர் தன் துன்பத்தைத் தாங்கிக்கொள்ளத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளத்தக்க ஒன்று. அடுத்தவரைப் பற்றி, அதிலும் வாய் திறந்து மறுக்கத் தெரியாத குழந்தையைப் பற்றி, அதைத் தீர்ப்பாகச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்பதே என் வாதம்.

இந்த நோய் வரும் வழியில் மர்மம் எதுவும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் நிறமியை விழித்திரை வைட்டமின் ஏ கொண்டுதான் செய்கிறது. சத்து குறைந்தால் முதலில் வருவது மாலைக்கண். விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை தட்டுத் தடுமாறும். பிறகு விழியின் வெண்பகுதியில் நுரை ஒட்டியது போலத் திட்டு படியும், கண்ணீர் வற்றும், கருவிழி வறண்டு மங்கும், கடைசியில் இளகிக் கரையும். இந்தச் சத்து குடல், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்தோலையும் காப்பதால், குறைவுள்ள குழந்தைகளில் பலர் பார்வை போகுமுன் வயிற்றுப்போக்கிலும் தட்டம்மையிலும் உயிரையே விட்டுவிடுவார்கள். இதெல்லாம் நேற்றுத் தெரிந்த செய்தியல்ல. வியாசர்பாடியிலிருந்து சில மைல் தொலைவில், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த ஆர். ஈ. ரைட், தென்னிந்தியக் குழந்தைகளின் கருவிழி கரையும் இந்த நோயைப் பற்றி 1922இலேயே எழுதினார். 1937இல் குன்னூர் ஊட்டச்சத்து ஆய்வகத்தின் அய்க்ராய்டும் அவரும் சேர்ந்து, செம்பனை எண்ணெயை இதற்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்ததை எழுதினார்கள். இன்றைய சிகிச்சை இன்னும் எளிது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு 2 லட்சம் யூனிட் உடனே ஒரு தடவை, மறுநாள் ஒரு தடவை, இரண்டு வாரம் கழித்து ஒரு தடவை. ஒரு தடவைக்குக் கொடுக்கும் மருந்து 2 மில்லிலிட்டர். மாலைக்கண் ஓரிரு நாளில் தெளிந்துவிடும். கருவிழி கரைந்து தழும்பேறிய பிறகு வந்தால் எந்த மருந்தாலும் மீட்க முடியாது.

பிறவிதோறும் சேர்ந்து வந்ததாகச் சொல்லப்படும் வினை இரண்டு மில்லி எண்ணெயில் எப்படிக் கரைகிறது? மருந்து கிடைத்ததும் அவன் நல்வினைதான் என்று நம்பிக்கையாளர் பதில் சொல்வார். சொல்லட்டும். அப்படியானால் மருந்து கிடைத்தாலும் வினை, கிடைக்காவிட்டாலும் வினை. நடந்து முடிந்த எதற்கும் பொருந்தும் அந்த விளக்கம், இனி நாம் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு ஒரு சொல்லும் தராது. சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் நம் தெருப் பேச்சை விடக் கூர்மையானது. குவிந்து கிடக்கும் வினை சஞ்சிதம், இந்த உடலில் நுகரும் வினை பிராரத்தம், இப்போது புதிதாக ஈட்டும் வினை ஆகாமியம் என்று அது பிரித்துவைத்திருக்கிறது. குழந்தையின் கண் பிராரத்தம் என்றே ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மருந்து உண்டு என்று தெரிந்தும் கொடுக்காமல் விட்டது யாருடைய கணக்கு? அது நம்முடைய ஆகாமியம். அடுத்த பிள்ளையின் பிராரத்தத்தைக் காட்டி நம் ஆகாமியத்தை அழித்துக்கொள்ள அந்தச் சாத்திரத்தில் இடமில்லை.

பார்வை போன கதைகளில் தமிழ்ச் சைவம் பெரிதாகப் போற்றுவது சுந்தரருடையது. அது நடந்ததும் இந்த வட்டாரத்தில்தான். திருவொற்றியூரில் சங்கிலியாரிடம், உன்னைப் பிரியேன் என்று சூளுரைத்தவர் வாக்கை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் கண்ணிழந்தார். இங்கே குற்றம் உண்டு, குற்றவாளிக்கும் அது தெரியும். அப்படியிருந்தும் சுந்தரர் இதுவே என் வினை என்று ஒரு மூலையில் உட்கார்ந்துவிடவில்லை. இறைவனிடம் முறையிட்டார், சண்டை பிடித்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைத்தது, காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மறு கண். (பழைய திருவெண்பாக்கம் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் மூழ்கிவிட்டது. சென்னை இன்று அந்தத் தண்ணீரைக் குடிக்கிறது.) வாக்குத் தவறிய பெரியவருக்கே ஊன்றுகோல் கொடுத்தனுப்பிய கடவுளை வணங்கிக்கொண்டு, எந்த வாக்கும் கொடுக்காத ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் மட்டும் வினையைப் பற்றிப் பேசுவது என்ன நியாயம்? திருவொற்றியூருக்கு நடையாய் நடந்த இன்னொருவர் வள்ளலார். பசித்தவர் கடவுளின் ஆணைப்படி வினையை அனுபவிக்கிறார், அவருக்குச் சோறிடுவது அந்த ஆணையை மீறுவதாகாதா என்ற ஆட்சேபத்தை ஜீவகாருணிய ஒழுக்கத்தில் அவரே எடுத்துப் பேசுகிறார். அரசகட்டளையை மீறிச் சிறையில் கிடக்கும் பெருங்குற்றவாளிக்கும் அரசனே சேவகரைக் கொண்டு உணவு கொடுக்கச் செய்கிறான் என்பது அவர் சொன்ன விடை. 1867இல் வடலூரில் தருமசாலை அடுப்பை மூட்டியவரின் விடை என்பதால் அதற்கு எடை அதிகம்.

இரண்டாவது விடைக்கு வருகிறேன்: தாயின் குற்றம். இது நவீன உடையில் நடமாடுகிறது. கீரை மலிவாகக் கிடைக்கிறதே, முருங்கை தெருவோரம் நிற்கிறதே, பெற்றவள் சமைத்துப் போட்டால் என்ன என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். கீரையில் இருப்பது கரோட்டின். உடல் அதை வைட்டமின் ஏயாக மாற்றியாக வேண்டும். உணவில் வரும் 12 மைக்ரோகிராம் பீட்டா கரோட்டின் 1 மைக்ரோகிராம் சத்துக்குச் சமம் என்பது இன்று வழங்கும் கணக்கு. இலைகளிலிருந்து கிடைப்பது இதையும் விடக் குறைவு என்று காட்டும் ஆய்வுகள் உண்டு. எண்ணெய் சேராவிட்டால் அதுவும் குடலில் ஏறாது. வயிற்றில் பூச்சி இருந்தால், மாதம் ஒரு முறை வயிற்றுப்போக்கு வந்தால், ஏறியதும் நிற்காது. மழைக்காலத்தில் வியாசர்பாடியின் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பும்போது தெருவில் நிற்கும் தண்ணீர் எங்கெங்கே கலக்கிறது என்பதை அந்தத் தாயா முடிவு செய்கிறாள்? குழந்தை பிறக்கும்போது அதன் ஈரலில் உள்ள சேமிப்பு மிகச் சிறிது. பிறகு வருவது தாய்ப்பாலில். பாலில் எவ்வளவு இருக்கும் என்பது அவள் உண்டதைப் பொறுத்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்ட பிறகு சட்டியில் மிஞ்சியதை உண்பவள் அவள். கருவுற்ற காலத்தில் அவளுக்கே மாலைக்கண் வருவதுண்டு, அது வழக்கம்தான் என்று விட்டுவிடுகிறார்கள். சத்து நிறைந்த சீம்பாலைக் கழித்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீரைத் தொட்டுவைக்கும் வழக்கத்திலும் முடிவு பெரும்பாலும் மூத்தவர்களுடையது. பழி வந்தால் மட்டும் அவள் கையில் இருக்கும். சத்தியவதியை இங்கும் யாரும் கேட்பதில்லை.

தாய்க்கும் அப்படியே பெரிய டோஸ் ஊற்றிவிடலாமே என்றால், கூடாது. அளவு மிஞ்சிய வைட்டமின் ஏ கருவைச் சிதைக்கும். மாலைக்கண் பரவலாக உள்ள இடங்களில் கர்ப்பிணிகளுக்கு நாளுக்கு 10,000 யூனிட் அல்லது வாரத்துக்கு 25,000 யூனிட்டுக்கு மேல் போகாமல் சிறுகச் சிறுகத் தரலாம் என்பதோடு உலக சுகாதார நிறுவனம் நின்றுவிடுகிறது. நேபாளத்தில் வாராந்தரச் சிறு டோஸ் பேறுகாலத்தை ஒட்டிய தாய்மார் மரணத்தை 40 சதவீதம் குறைத்ததாக 1999இல் வந்த முடிவு பெரும் நம்பிக்கை தந்தது. கானாவிலும் வங்கதேசத்திலும் பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அந்தப் பலன் தென்படவில்லை. தாய்மாருக்குச் செய்ய வேண்டியதைக் குப்பியில் அடைத்துத் தர முடியாது என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

வினையும் தாயும் தவிர மூன்றாவதாக ஒருத்தி இருக்கிறாள்: அம்மன். தட்டம்மை உடலில் இருக்கும் வைட்டமின் ஏயை வேகமாகத் தீர்த்துவிடும். அதனால் தட்டம்மை கண்ட ஒவ்வொரு குழந்தைக்கும் அடுத்தடுத்த இரண்டு நாள் மருந்து கொடுக்கச் சொல்கிறார்கள். வீட்டிலோ அம்மன் வந்திருக்கிறாள், மருந்து படக்கூடாது, தாளிதம் கூடாது என்பார்கள். வேப்பிலையும் தனியறையும் கூழும் நல்லவையே, மருந்துக்கு அவை தடையில்லை. மருந்து மறுப்பதுதான் சிக்கல். சமயபுரத்தாள் மாசி, பங்குனியில் 28 நாள் பச்சைப் பட்டினி கிடப்பதாக மரபு: அடியாருக்காகத் தெய்வமே நோற்கும் விரதம் அது. பிள்ளைகளுக்காகத் தான் பட்டினி கிடப்பவள் பிள்ளையின் வாயில் விழும் இரண்டு மில்லியைக் கண்டு கோபிப்பாள் என்று நம்ப எனக்கு வழி தெரியவில்லை. பிறகு வெள்ளிக் கண்மலர் வாங்கிச் சாத்துவதைவிட இது மலிவும்கூட.

சமயபுரம் இருக்கும் அதே திருச்சி மாவட்டத்தில்தான் லட்சுமி ரஹ்மத்துல்லாவும் குழுவினரும் 15,419 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1990இல் வெளிவந்தது. வாரந்தோறும் 8,333 யூனிட் பெற்ற குழந்தைகளிடையே மரணம் மற்றக் குழுவில் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. வாரம் ஒரு முறை ஆள் வந்து பார்த்தது இரு குழுவுக்கும் பொது, ஆகவே வித்தியாசம் சத்தினுடையது. அந்த அளவை ஏழால் வகுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 360 மைக்ரோகிராம் வரும். சிறு குழந்தை ஒரு நாள் உணவில் பெற வேண்டியது சுமார் 400. அந்த ஆய்வில் உயிர் காத்தது, ஒழுங்கான சாப்பாட்டில் தானாகக் கிடைத்திருக்க வேண்டிய அளவுதான். இதைப் படிக்கும்போது சி. கோபாலனின் ஆட்சேபம் நினைவுக்கு வருகிறது. சேலத்தில் பிறந்தவர், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய டோஸ் என்ற முறை அவர் காலத்தில் அங்கே பரிசோதிக்கப்பட்டு 1970இல் தேசியத் திட்டமானது. அவரே பின்னாளில் எல்லாக் குழந்தைக்கும் எக்காலமும் டோஸ் என்பதை எதிர்த்தார். அவசரத்துக்கு வந்த குப்பி உணவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டது என்பது அவர் குறை. உத்தரப்பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் மரணம் குறைந்தது 4 சதவீதமே, அதுவும் தற்செயலாக இருக்கக்கூடியது. 2016-18 தேசிய ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் ஒன்று முதல் நான்கு வயதுக் குழந்தைகளிடம் இந்தச் சத்துக் குறைவு சுமார் 18 சதவீதம். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று சொல்ல வைத்திருக்கும் 20 சதவீத எல்லைக்கு இது கீழே. ஆகவே டோஸை நிறுத்தலாம் என்கிறார்கள் சிலர்.

அவர்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். ஒன்பதாம் மாதம் தடுப்பூசியோடு 1 லட்சம், பிறகு ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு 2 லட்சம், ஆக ஒன்பது தவணையில் 17 லட்சம் யூனிட் என்பதைச் சத்து நிறைந்த குழந்தைக்கும் ஊற்றிக்கொண்டே இருப்பது தருமமாகாது. எதைத் தருகிறோம் என்று அளந்து பார்க்காத கொடையில் தருபவரின் திருப்திதான் அதிகம். ஏற்க முடியாதது மறுபாதி. 18 சதவீதம் என்பது நாடு முழுவதற்குமான சராசரி, குழந்தை சராசரியில் வாழ்வதில்லை. நூற்றில் அந்தப் பதினெட்டுப் பேர் எந்தத் தெருக்களில் இருக்கக்கூடும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. அவர்களைத் தேடிப் பிடிக்கும்வரை சொட்டு மருந்து கடன், தேடிப் பிடித்த பிறகு சாப்பாடு கடன். ஒன்பதாம் மாதத் தவணைக்கு ஊசியோடு வரும் தாய், ஊசி இல்லாத பிந்தைய தவணைகளுக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வருவாள் என்று எதிர்பார்க்காமல், பால்வாடிக்கே மருந்து போக வேண்டும்.

சாப்பாடு என்றதும் கடைசி ஆட்சேபம் எழுகிறது, எனக்கு அதுதான் கடினமானது. மாற்ற வேலையில்லாமல் உடல் நேராக எடுத்துக்கொள்ளும் வடிவில் இந்தச் சத்து விலங்குணவில் மட்டுமே உண்டு: பால்கொழுப்பு, முட்டை, முழுதாகத் தின்னும் சிறு மீன், எல்லாவற்றுக்கும் மேலாக ஈரல். மாட்டு ஈரலில் பத்துக் கிராம் ஒரு குழந்தையின் ஒரு நாள் தேவையை நிறைத்துவிடும். (கருவுற்ற தாய்க்கு அதே ஈரல் அளவோடுதான்.) வியாசர்பாடியில் இது பல வீடுகளில் பழகிய, கைக்கெட்டும் உணவு. வெளியே அதன்மேல் படிந்திருக்கும் தீட்டை எல்லோரும் அறிவார்கள். நான் துணைக்கு அழைத்த வள்ளலாரோ கொலையையும் புலாலையும் ஒரு சிறிதும் ஏற்காதவர். அவரைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. வினையைப் பற்றிச் சொன்னதே இங்கும் பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். விரதம் தான் பூணுவது. அதற்கான விலையைத் தானே கட்டும்போது அது நோன்பு, பசித்த அடுத்த வீட்டுப் பிள்ளை கட்டினால் அதற்கு வேறு பெயர். புலால் மறுத்தவர் வீட்டில் நெய்யும் பாலும் மாம்பழமும் இருக்கின்றன. ஈரலை விடச் சொல்பவர் முதலில் அந்தப் பாலுக்கு வழி செய்துவிட்டு வரட்டும். கொழுப்பெடுத்த பாலில் மறுபடி சேர்த்தாலொழிய இந்தச் சத்து மிஞ்சாது என்பதையும் தெரிந்துகொண்டு வரட்டும். நம் சத்துணவில் முட்டை வேண்டாத பிள்ளைக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடு பல காலமாக உண்டு. ஒருவர் நம்பிக்கையை மதிக்கும் நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாழைப்பழத்தில் வைட்டமின் ஏ மிக அற்பம். அந்தப் பிள்ளை வீட்டில் பால் குடிக்கிறதா என்ற கேள்வி அந்த வரிசையில் எங்கும் கேட்கப்படுவதில்லை.