சான்றில்லா அறம்

வீரரைப் போற்றுதல் நாட்டின் கடமை. நடுகல் நாட்டிய மரபினர்க்கு இதனை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், எவரும் காணாத வீரம் பதக்கம் பெற்ற வீரத்தினும் தாழ்ந்ததோ? இரண்டாம் உலகப் போரின் நிகழ்ச்சி ஒன்று இவ்வினாவை நம்முன் நிறுத்துகிறது.

ஆண்ட்ரூ மைனார்ஸ்கி, போலந்திலிருந்து கனடாவில் குடியேறிய பெற்றோர்க்கு 1916-இல் வின்னிபெக் நகரில் பிறந்தவர். கனடிய விமானப் படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானமொன்றில் மேற்கூண்டுத் துப்பாக்கி வீரராகப் பணியாற்றினார். 1944 ஜூன் 12-ஆம் நாள் இரவு, பிரான்சின் காம்பிரே நகர இரயில் நிலையத்தைத் தாக்கப் புறப்பட்ட அவ்விமானம் செருமானியப் போர் விமானத்தால் சுடப்பட்டது. இடப்புற இயந்திரங்கள் இரண்டும் நின்றன. உள்ளே தீ மூண்டது. அனைவரும் குதிக்குமாறு விமானத் தலைவர் ஆணையிட்டார்.

மைனார்ஸ்கி குதித்திருக்கலாம். ஆனால், வாற்பகுதித் துப்பாக்கி வீரரான பேட் பிராஃபி, திரும்ப மறுத்த தம் கூண்டிற்குள் சிக்கியிருந்தார். தீயினூடே சென்று அவரை விடுவிக்க மைனார்ஸ்கி முயன்றார், இயலவில்லை. அவருடைய உடையும் பாரசூட்டும் தீப்பற்றின. தம்மை விட்டுச் செல்லுமாறு பிராஃபி சைகை செய்தார். எரியும் உடையோடு நிமிர்ந்து நின்று தோழருக்கு வணக்கம் செலுத்திய பின்னரே மைனார்ஸ்கி குதித்தார். தீப்புண்களால் உயிர் துறந்தார்.

விமானம் தரையில் மோதியபோது பிராஃபி வெளியே வீசப்பட்டு உயிர் பிழைத்தார். அவர் வாய்மொழியால் உலகம் அச்செயலை அறிந்தது. 1946-இல் மைனார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது.

பிராஃபி அன்று மடிந்திருப்பின்? செயல் அதுவே, தியாகம் அதுவே, பதக்கம் மட்டும் இராது. மைனார்ஸ்கி தீயினுள் நுழைந்தபோது, அதனைக் கண்டு சொல்ல ஒருவர் எஞ்சுவார் என எண்ண இடமே இல்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்த ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் மாண்டனர். ஒருவரும் மீளாத விமானங்கள் பல. அவற்றினுள் நிகழ்ந்த தியாகங்களுக்கு யார் சான்று?

அவ்வாறாயின் பதக்கம் வீணோ? அன்று. அது கண்டதற்குச் சமுதாயம் செலுத்தும் நன்றி, இருப்போர்க்குப் பாடம். ஆயின், அறத்தை அளக்கும் கோல் அஃதன்று. பிள்ளைகளின் பரிசுக் கோப்பைகளை நம் இல்லங்களில் வரிசையாய் அடுக்கி வைக்கிறோம், அது தகும். யாரும் காணாதபோதும் செய்யத்தக்கது எது என்பதையும் அவர்களுக்குக் கற்பிப்போமாக. சான்று புகழுக்கு வேண்டும், அறத்திற்கு வேண்டுவதில்லை.