எலும்புக்கும் ஒரு பெயர் உண்டு

உயிர் பிரிந்த உடல் யாருக்கு உரியது? உற்றாருக்கா, அரசுக்கா, அறிவைத் தேடும் ஆய்வாளருக்கா? இறந்தவருக்கே அதில் ஏதேனும் உரிமை எஞ்சி நிற்கிறதா? ஏட்டளவில் எழுந்த வினா அன்று இது. ஒரு பெண் தம் வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் அஞ்சி அஞ்சி எழுப்பிய வினா.

ஆஸ்திரேலியாவின் தெற்கேயுள்ள டாஸ்மேனியத் தீவின் பழங்குடிப் பெண் துருகனினி. 1803-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்குக் குடியேறத் தொடங்கினர். வன்முறையும் நோயும் நாடுகடத்தலும் சில பத்தாண்டுகளுக்குள் அவருடைய மக்களைச் சிதைத்தன. 1869-இல் அவ்வினத்தைச் சேர்ந்த வில்லியம் லான் என்பவர் ஹோபார்ட் நகரில் இறந்தார். மருத்துவமனையில் கிடந்த அவர் உடலிலிருந்து அறுவை மருத்துவர் ஒருவர் தலையோட்டைக் கவர்ந்து சென்றார். பின்னாளில் அவர் அத்தீவின் முதன்மை அமைச்சராகவும் உயர்ந்தார். அவருக்குப் போட்டியாக நின்ற அறிவியல் கழகத்தின் தரப்பினரோ கைகளையும் பாதங்களையும் வெட்டி எடுத்தனர். இரு சாராரும் கற்றவர்கள். இரு சாராரும் அறிவியலின் பெயரால்தான் இதைச் செய்தனர்.

இதையறிந்த துருகனினி, தமக்கும் இக்கதி நேராதிருக்க மன்றாடினார். 1876 மே மாதம் அவர் இறந்தபோது, பழைய பெண்கள் சிறைச்சாலை வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஆனால் 1878-இலேயே அரசின் ஒப்புதலுடன் டாஸ்மேனிய ராயல் கழகத்தார் அவரைத் தோண்டி எடுத்தனர். 1904 முதல் 1947 வரை அவருடைய எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. அது எரியூட்டப்பட்டு, சாம்பல் அவருடைய தாயகக் கடலில் தூவப்பட்டது 1976-இல்தான். ஒரு பெண்ணின் இறுதி வேண்டுகோள் நிறைவேற நூறாண்டு ஆயிற்று!

டாஸ்மேனியப் பழங்குடியினருள் கடைசியானவர் என்றே உலகம் அவரை அறிந்திருந்தது. அது பொய். அம்மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். ஆயினும் அந்தப் பொய் பயனுள்ள பொய்யாக இருந்தது. ஓர் இனம் அற்றுப்போயிற்று என்று அறிவித்துவிட்டால், அதன் எலும்புகளுக்காக வழக்காட யாரும் இல்லை அல்லவா? உயிரோடிருப்பவர்களை இல்லையென்று சொன்ன பிறகே இறந்தவரை எடுத்துக்கொள்ள முடிந்தது.

உடலை ஆராய்வதே தவறு என்று சொல்ல வரவில்லை. அறிவியல் ஆய்வுக்காக உடற்கூறு பரிசோதனை செய்வதைத் திருச்சபை மறுப்பதில்லை. இறந்தபின் உறுப்புகளை மனமுவந்து ஈவதைப் பாராட்டவும் செய்கிறது. ஈதலையும் பறித்தலையும் வேறுபடுத்துவது ஒன்றே: உரியவரின் சம்மதம். துருகனினி சம்மதிக்காமல் மட்டும் இருக்கவில்லை, வாய்திறந்து மறுத்தார். அந்த மறுப்பு காதில் விழுந்தும் பொருட்படுத்தப்படவில்லை.

இவ்விடத்தில் வாசக அன்பர் ஒருவர் என்னை நிறுத்திக் கேட்கலாம்: “சாமி, நம் பீடங்களிலும் புனிதர்களின் எலும்புகள் இருக்கின்றனவே?” நியாயமான கேள்வி. கோவாவில் புனித சவேரியாரின் உடல் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. 1614-இல் அவருடைய வலக்கை வெட்டப்பட்டு உரோமைக்கு அனுப்பப்பட்டது. அவரை யாரும் கேட்கவில்லை. நாம் அவரைப் பெயர் சொல்லி அழைக்கிறோம், முழந்தாளிடுகிறோம், பரிந்துரை வேண்டுகிறோம். எனவே அவர் நமக்குக் காட்சிப்பொருள் அல்லர் என்று மறுமொழி கூறலாம். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுவன்று. திருப்பண்டங்களைத் திருடியதும் விற்றதும் திருச்சபையின் வரலாற்றில் நிகழ்ந்தவையே. வணக்கம் செலுத்துவதால் மட்டும் பறித்தல் ஈதலாகிவிடாது. பிறர் அலமாரியைச் சுட்டும் விரல் நம் பேழையையும் தொட்டுப் பார்க்கட்டும்.

எலும்புகளைத் திருப்பித் தருவதால் இறந்தவருக்கு என்ன பயன் என்பாரும் உளர். எந்தத் துகளிலிருந்தும் இறைவன் நம்மை உயிர்ப்பிக்க வல்லவர் என்பது நம் விசுவாசம். அவ்வகையில், அருங்காட்சியகத்தில் இருந்ததால் துருகனினி இறைவன்முன் எதையும் இழந்துவிடவில்லை. இழந்தவர்கள் உயிரோடிருந்தவர்கள்: தம் மூதாட்டியைக் கண்ணாடிக்குப் பின்னே கண்ட மக்கள். 2002-இல் இலண்டனிலிருந்து அவருடைய கூந்தலும் தோலும் திருப்பி அளிக்கப்பட்டதும், 2021-இல் ராயல் கழகமும் அருங்காட்சியகமும் அம்மக்களிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டதும் அந்தக் கடனின் ஒரு பகுதியே.

இறந்தோரை அடக்கம் செய்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாகத் திருச்சபை எண்ணுகிறது. தம் இனத்தாரின் உடல்களை மறைவில் அடக்கம் செய்த தோபித்து அதற்கு முன்மாதிரி. பசித்தவனுக்கு உணவிட்டால் அவன் நன்றி சொல்வான். மறுத்தால் சபிக்கவும் செய்வான். இறந்தவரோ இரண்டும் செய்யமாட்டார். அவருக்குக் கொடுத்த சொல்லைக் காப்பதும் மீறுவதும் நம் மனச்சான்றை மட்டுமே சார்ந்தவை.

இனி அருங்காட்சியகம் ஒன்றில் மனித எலும்பின்முன் நிற்க நேர்ந்தால், அதன் வயதைக் கேட்குமுன் மூன்று வினாக்களைக் கேட்போம். இவர் பெயர் என்ன? இங்கிருக்க இவர் சம்மதித்தாரா? இவரைத் தேடுவோர் எங்கே இருக்கின்றனர்? விடை கிடைக்காவிடில், சற்றுத் தலைகுனிந்து, அந்தப் பெயர் அறியாதவருக்காகச் செபித்துவிட்டு நகர்வோம்.